திட்டிவாசலில் ஒரு காவலாளி

புனேயின் சனிவார் வாடாவுக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது வடக்கு வாசலான தில்லி தர்வாஜாவை. அம்பாரி வைத்த யானை குனியாமல் நுழையக்கூடிய உயரம். கதவின் மேற்பகுதியில், யானையின் நெற்றி மோதக்கூடிய இடத்தில், கூரான இரும்பு முட்கள். ஆனால் அன்றாடம் வந்து போகிறவர்களுக்காக இவ்வளவு பெரிய கதவைத் திறந்து வைக்க முடியாது. எனவே வலது கதவில் சின்னக் கதவு ஒன்றை வெட்டியிருக்கிறார்கள். தமிழில் அதற்குத் திட்டிவாசல் என்று பெயர். ஒரு நேரத்தில் ஒரு ஆள், அதுவும் குனிந்துதான் வர முடியும். வருகிறவன் யார் என்று காவலாளி நிதானமாகப் பார்க்கலாம். படையாகத் திரண்டு வர வழியில்லை. முதலாம் பாஜிராவ் 1732-ல் குடியேறிய அரண்மனை இது. மதில்களும் வாசல்களும் பின்னால் எழுந்தவை.

வீட்டுக் கம்ப்யூட்டரில் 'ஃபயர்வால்' என்று ஒன்று இருக்கிறதே, அதன் வேலையும் ஏறக்குறைய இந்தத் திட்டிவாசல் காவலாளியின் வேலைதான். இன்டர்நெட் என்ற ஊரிலிருந்து உங்கள் கம்ப்யூட்டரின் கதவைத் தட்டுகிறவர்களில் யாரை விடுவது, யாரை விரட்டுவது என்று தீர்மானிப்பது. கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர் சமீபத்தில் கேட்டார்: "தம்பி, அந்த ஃபயர்வால் எங்கே கிடைக்கும்? என்ன விலை ஆகும்?" அமெரிக்காவில் இருக்கும் மகன் போனில் சொன்னானாம், உடனே போட்டுவிடச் சொல்லி. "விலையே இல்லை சார். உங்க கம்ப்யூட்டரிலேயே இருக்கு. அது விழித்துக்கொண்டு இருக்கிறதா, தூங்குகிறதா என்று பார்த்தால் போதும்" என்றதும் அவர் முகத்தில் நம்பிக்கையே இல்லை. காசு கொடுக்காமல் வருகிற காவலாளி மேல் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்?

சொல்லைப் பற்றி ஒரு சின்னப் புகார். 'நெருப்புச் சுவர்' என்று மொழிபெயர்த்துவிட்டார்கள் பலர். பத்திரிகைகளில் செங்கல் சுவர் தகதகவென்று எரிகிற மாதிரி படமும் போடுகிறார்கள். ஃபயர்வால் என்பது எரிகிற சுவர் அல்ல. நெருப்பைத் தடுக்கும் சுவர். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று பற்றிக்கொண்டால் அடுத்ததற்குத் தாவாமல் இருக்க இடையில் எழுப்புகிற கனத்த சுவருக்குக் கட்டடக்காரர்கள் வைத்த பெயர் அது. கம்ப்யூட்டர்காரர்கள் பின்னால் எடுத்துக்கொண்டார்கள். கலைச்சொல் பட்டியல்களில் வரும் 'தீயரண்' தேவலை. வெறும் 'அரண்' இன்னும் நல்லது. திருக்குறளில் 75-ஆம் அதிகாரத்தின் தலைப்பே அதுதான். கோட்டை எத்தனை மாட்சி உடையதாக இருந்தாலும் உள்ளே இருக்கிறவர்களுக்குச் செயல்திறன் இல்லாவிட்டால் அது இல்லாத மாதிரிதான் என்கிறது அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் 'ஃபயர்வால்' என்றுதான் எழுதியிருக்கும் என்பதால் இங்கே அதையே புழங்குவோம்.

இந்தக் காவலாளி நம் வீடுகளுக்கு வந்த கதை அவ்வளவு பழையது அல்ல. 1990-களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் நோய்கள் ஃப்ளாப்பியில் பயணம் செய்தன. நண்பரிடமிருந்து ஒரு விளையாட்டைக் காப்பி செய்து வந்தால் கூடவே வைரஸும் வந்தது. புனேயில் கால்குலேட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த கைலாஷ் காட்கரும், கம்ப்யூட்டர் படித்த அவர் தம்பி சஞ்சயும் அந்த வைரஸ்களைத் துரத்த எழுதிய புரோகிராம்தான் 'குயிக் ஹீல்'. ரிப்பேர் கடை 2007-ல் குயிக் ஹீல் டெக்னாலஜீஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது, 2016-ல் பங்குச் சந்தைக்குப் போனது. சென்னையில் 'கே7' 1991-லேயே தொடங்கிவிட்டது. இவை எல்லாம் உள்ளே நுழைந்துவிட்டவனைத் தேடிப் பிடிக்கிற போலீஸ். வாசல் காவலாளியின் தேவை வந்தது, கம்ப்யூட்டருக்கு வெளியிலிருந்து ஒரு கம்பி வந்து சேர்ந்த பிறகு.

அந்தக் கம்பியை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்குக் கொடுத்தது. டெலிபோன் வழியாக மோடம் கீச்சிட்டு, பாதி நேரம் லைன் கிடைக்காமல், நத்தை வேகத்தில் ஓடிய இன்டர்நெட். நாள் முழுக்க இணைப்பில் யாரும் இருக்கவில்லை. அதுவே ஒரு பாதுகாப்பு. பிராட்பேண்ட் வந்து கம்ப்யூட்டர்கள் இருபத்துநாலு மணி நேரமும் ஊரோடு இணைந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. 2003 ஆகஸ்ட் 11 அன்று 'பிளாஸ்டர்' என்ற புழு கிளம்பியது. இதற்கு ஃப்ளாப்பி வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம், நீங்கள் எதையும் க்ளிக் செய்ய வேண்டாம். இன்டர்நெட்டில் இணைந்தாலே போதும். விண்டோஸின் ஒரு திறந்த கதவு வழியாக அதுவாகவே நுழைந்தது. கம்ப்யூட்டர் அறுபது விநாடியில் அணையப்போகிறது என்று திரையில் எண்ணிக்கை ஓடும். அதற்குள் எழுதியதைச் சேமித்தால் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், அப்போது புழக்கத்தில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது. 2001-ல் வெளியானதிலிருந்தே இருந்தது. ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது! காவலாளியைச் சம்பளத்துக்கு வைத்து, அவனை உள் அறையில் படுக்கப் போட்டுவிட்டு, வாசலைத் திறந்து வைத்த கதை. பிளாஸ்டர் தந்த அடிக்குப் பிறகு, 2004 ஆகஸ்டில் வெளியான 'சர்வீஸ் பேக் 2' என்ற திருத்தத்தில்தான் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஃபயர்வாலை முதலிலிருந்தே விழித்திருக்கச் செய்தது. அன்றிலிருந்து விண்டோஸ் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் எல்லோர் வீட்டிலும் இந்தக் காவலாளி இருக்கிறான்.

அவன் எப்படி வேலை செய்கிறான்? புனேயின் எந்த ஹவுசிங் சொசைட்டிக்குப் போனாலும் கேட்டில் ஒருவர் "கோணாகடே?" என்பார். யாரைப் பார்க்க என்று அர்த்தம். ஃப்ளாட் நம்பர் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர் போனில் "வரச் சொன்னது நான்தான்" என்றால் அனுமதி. குடியிருப்பவர் வெளியே போய்த் திரும்பினால் கேள்வி இல்லை. கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். வருகிற தகவல் சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எங்கிருந்து, எங்கே, எந்தக் கதவு என்று எழுதியிருக்கும். கதவுகளுக்கு 'போர்ட்' என்று பெயர். 0 முதல் 65,535 வரை எண்கள். இணையதளங்கள் பாதுகாப்பாகப் பேசிக்கொள்வது 443. ஒரு கம்ப்யூட்டரின் ஃபைல்களை அடுத்த கம்ப்யூட்டருடன் பகிர்ந்துகொள்வது 445. தூரத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டரை இயக்குவது 3389.

விண்டோஸ் ஃபயர்வாலின் அடிப்படை விதி ஒரே வரிதான். உள்ளேயிருந்து வெளியே போவதை விடு, வெளியிலிருந்து கேட்காமல் வருவதைத் தடு. நீங்கள் ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால், நீங்கள் கேட்டதால் அதன் பதில் உள்ளே வரலாம். காவலாளி ஒரு சின்ன நோட்டில் 'இவர் கேட்டது, இங்கிருந்து பதில் வர வேண்டியிருக்கிறது' என்று குறித்து வைத்திருக்கிறான். நோட்டில் இல்லாத ஆள் வந்து தட்டினால் கதவு திறக்காது. சத்தம்கூட வராது.

சரி, விழித்திருக்கிறானா என்று பார்ப்போம். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று டைப் செய்யுங்கள். அதில் 'ஃபயர்வால் அண்ட் நெட்வொர்க் புரொடக்‌ஷன்' என்ற தலைப்பு. திறந்தால் டொமைன், பிரைவேட், பப்ளிக் என்று மூன்று வரிகள். மூன்றுக்கும் 'ஆன்' என்று இருக்க வேண்டும். எதிரே பச்சை அடையாளம் தெரியும். இல்லாவிட்டால் அந்தப் பெயரை அழுத்தி உள்ளே போய் சுவிட்சைப் போடுங்கள். வேலை முடிந்தது. இரண்டு நிமிடம்.

ஆனால் அந்த மூன்று பெயர்களில்தான் பாமரர்கள் தடுமாறுகிறார்கள். மூன்றும் மூன்று காவலாளிகள் அல்ல. ஒரே ஆள், மூன்று மனநிலை. டொமைன் என்பது அலுவலகத்து கம்ப்யூட்டர்களுக்கு. வீட்டில் இருப்பவர்கள் மறந்துவிடலாம். 'பிரைவேட்' என்பது அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் நம்மவர்கள் என்ற நிலை. வீட்டு பிரின்டர், மனைவியின் லேப்டாப், அப்பாவின் டேப்லெட் ஒன்றையொன்று பார்க்கலாம். 'பப்ளிக்' என்றால் சுற்றியிருப்பவர்கள் அந்நியர்கள். யாருக்கும் முகம் காட்டாதே.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கிறவனுக்கு இந்தச் சொற்கள் உறுத்துகின்றன. 'பப்ளிக்' என்றதும் நம் ஆட்கள் 'பொது, எல்லோருக்கும் திறந்தது' என்று புரிந்துகொண்டு பயந்து 'பிரைவேட்' என்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 'அந்தரங்கம், ஆகவே பத்திரம்' என்ற கணக்கு. உண்மை நேர் தலைகீழ். பப்ளிக்தான் கடுமையான காவல். அந்தச் சொல் உங்கள் கம்ப்யூட்டரைக் குறிக்கவில்லை, நீங்கள் நிற்கிற இடத்தைக் குறிக்கிறது. பொது இடத்தில் நிற்கிறாய், பையைப் பிடித்துக்கொள் என்று அர்த்தம். புனே ரயில் நிலையத்திலோ, எஃப்.சி. ரோடு காபிக் கடையிலோ, ஹோட்டலிலோ வைஃபையில் இணைந்தால் பப்ளிக்தான் சரி. வீட்டில் பிரின்டரைப் பகிர்ந்துகொள்ளும் அவசியம் இல்லாதவர்கள் வீட்டிலும் பப்ளிக்கிலேயே இருந்துவிடலாம். ஒன்றும் குறைந்துவிடாது. மாற்ற விரும்பினால் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில், இணைந்திருக்கும் வைஃபையின் 'பிராபர்டீஸ்' என்ற இடத்தில் இந்த இரண்டு பெயர்களும் இருக்கும்.

பப்ளிக் என்ற வரியை அழுத்திப் பார்த்தால் கீழே இன்னொரு கட்டம் தெரியும். உள்ளே வரும் எல்லா இணைப்புகளையும், அனுமதிப் பட்டியலில் உள்ளவற்றையும் சேர்த்து, தடுப்பது. ஊர் ஊராகப் போகிறவர்கள் அதில் டிக் செய்துகொள்ளலாம். அப்போதும் மெயில் வரும், ரயில் டிக்கெட் எடுக்கலாம், படம் பார்க்கலாம். அவை எல்லாம் நீங்கள் கேட்டு வருபவைதானே.

சில நேரம் புதிதாக ஒரு புரோகிராமைப் போட்டதும் திரையின் நடுவே ஒரு பெட்டி முளைத்து, இந்த புரோகிராமின் சில வசதிகளை ஃபயர்வால் தடுத்திருக்கிறது, அனுமதிக்கவா என்று கேட்கும். அவசரத்தில் இருப்பவர்கள் 'அலவ்' என்பதை அழுத்திவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இந்தக் கேள்வியின் அர்த்தம் 'இந்த புரோகிராம் வெளியே போகலாமா' என்பது அல்ல. அதற்கு ஏற்கெனவே சுதந்திரம் இருக்கிறது. 'வெளியாட்கள் இதைத் தேடிக்கொண்டு உள்ளே வரலாமா' என்பதுதான் கேள்வி. பிரின்டர், வீட்டுக்குள் ஃபைல் பகிர்வது, சில விளையாட்டுகள் தவிர வேறு எதற்கும் இது அநேகமாகத் தேவைப்படாது. சந்தேகம் இருந்தால் 'கேன்சல்' அழுத்துங்கள். ஏதாவது வேலை செய்யவில்லையென்றால் பிறகு அனுமதிக்கலாம். 'அலவ் அன் ஆப் த்ரூ ஃபயர்வால்' என்ற இடத்தில் இதுவரை யாருக்கெல்லாம் அனுமதி என்ற பட்டியல் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை அதைத் திறந்து, எப்போதோ அழித்துவிட்ட விளையாட்டுகளின் பெயர்களை நீக்கலாம். ஒரேயடியாகக் குழம்பிவிட்டால் 'ரீஸ்டோர் டிஃபால்ட்ஸ்' என்று ஒன்று உண்டு. பிறந்த நாளின் நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

மாக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். அதில் ஃபயர்வால் அணைந்த நிலையில்தான் வருகிறது. சிஸ்டம் செட்டிங்ஸில் நெட்வொர்க், அதனுள் ஃபயர்வால். நீங்களேதான் போட வேண்டும்.

ஃபயர்வாலின் பெரிய எதிரி உண்மையில் வெளிநாட்டு ஹேக்கர் அல்ல, வீட்டுக்கு வரும் ரிப்பேர்காரர். பிரின்டர் வேலை செய்யவில்லை, கணக்கு எழுதும் புரோகிராம் இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே பேசவில்லை என்று கூப்பிட்டால், அவர் முதலில் செய்வது ஃபயர்வாலை அணைப்பது. வேலை நடந்துவிடும். காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார். மறுபடி போடுவதில்லை. ஒரு புரோகிராமுக்கு மட்டும் கதவு திறக்க ஐந்து நிமிடம் ஆகும், மொத்தமாக அணைக்க ஐந்து விநாடி போதும். ஆள் வந்து போன பிறகு அந்த மூன்று பச்சை அடையாளங்களைப் பார்ப்பது நம் பொறுப்பு. புது லேப்டாப்புடன் சில மாதங்களுக்கு இலவசமாக வரும் பாதுகாப்பு புரோகிராம்கள் விண்டோஸின் ஃபயர்வாலை ஒதுக்கிவிட்டுத் தங்கள் ஆளை வாசலில் நிறுத்துகின்றன. இலவசக் காலம் முடிந்ததும் வாசலில் யார் இருக்கிறார்கள் என்று அதே திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாசலுக்கு இரண்டு காவலாளி வேண்டாம். ஒருவன் விட்டவனை மற்றவன் தடுப்பான், உங்களுக்குத்தான் தலைவலி.

இதுவரை சொன்னது வீட்டுக் கதவு. சொசைட்டி கேட் ஒன்று இருக்கிறதே, அதுதான் மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ரூட்டர். பிராட்பேண்ட் கம்பெனிக்காரர் மாட்டிவிட்டுப் போன நாளிலிருந்து யாரும் தொடாத பெட்டி. இதற்குள்ளும் ஃபயர்வால் உண்டு. இதற்குள் போக ஒரு பாஸ்வேர்டும் உண்டு. பல வீடுகளில் அந்தப் பாஸ்வேர்ட் 'அட்மின்'. பெட்டி தயாரான நாளில் கம்பெனி வைத்த பெயர், உலகத்துக்கே தெரிந்தது.

2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் உட்படப் பல தளங்கள் முடங்கின. தாக்கியது ராணுவம் அல்ல. 'மிராய்' என்ற புரோகிராம், கம்பெனி பாஸ்வேர்டுகளை மாற்றாமல் வைத்திருந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றை ஏவிவிட்டது. தங்கள் வீட்டுக் கேமரா இப்படி ஒரு வேலைக்குப் போய் வந்தது சொந்தக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது. இந்தியாவிலும் 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடங்களை ஒரு புரோகிராம் தாக்கியது. பாதிக்கப்பட்டவை அதே 'அட்மின்' பாஸ்வேர்டை வைத்திருந்தவை. மாற்றச் சொல்லி வாடிக்கையாளர்களை நிறுவனம் கேட்டுக்கொண்டது.

எனவே ரூட்டரைக் கவனியுங்கள். அதன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ ஒரு எண் இருக்கும். அதைப் பிரவுசரில் டைப் செய்தால் ரூட்டரின் உட்புறம் திறக்கும். முதல் வேலை, அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. இது வைஃபை பாஸ்வேர்ட் அல்ல, வேறு. பலர் வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். 'ரிமோட் மேனேஜ்மென்ட்' திறந்திருந்தால் மூடுங்கள். வெளியூரிலிருந்து உங்கள் ரூட்டரை நிர்வகிக்கும் அவசியம் யாருக்கும் இல்லை. 'யு.பி.என்.பி' என்று ஒன்று இருக்கும். வீட்டுக்குள் இருக்கும் கேமராவோ விளையாட்டுப் பெட்டியோ உங்களைக் கேட்காமலேயே கேட்டைத் திறந்துகொள்ள அனுமதிக்கும் வசதி. வேலைக்காரப் பையனிடம் சாவிக்கொத்தைக் கொடுப்பது மாதிரி. அணைத்துவிட்டு, எதாவது நின்றுபோகிறதா என்று பாருங்கள். அநேகமாக நிற்காது. 'கெஸ்ட்' வைஃபை இருந்தால் டி.வி.யையும் சிசிடிவி கேமராவையும் அதில் தள்ளிவிடுங்கள். பேங்க் வேலை செய்யும் கம்ப்யூட்டரோடு அவற்றுக்குப் பேச்சு வேண்டாம்.

சமீபத்து மாறுதல் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். வீட்டில் பத்து கருவிகள் இருந்தாலும் வெளியுலகத்துக்கு ஒரே முகவரி என்பதுதான் பழைய ஏற்பாடு. கேட்காமல் வந்த பொட்டலத்தை எந்தக் கருவிக்குக் கொடுப்பது என்று ரூட்டருக்கே தெரியாது, தூக்கிப் போட்டுவிடும். இந்தத் தற்செயலான பாதுகாப்பை நம்பிப் பலர் காலம் தள்ளினார்கள். இப்போது ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை பரவிவிட்டது. அதில் உலகின் முன்வரிசை நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இதில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி. தெரு எண்ணோடு ஃப்ளாட் எண்ணும் வெளியே எழுதியாகிவிட்டது. அதனால் ரூட்டரிலும் கம்ப்யூட்டரிலும் ஃபயர்வால் உண்மையாகவே வேலை செய்தாக வேண்டும். ரூட்டரின் ஃபயர்வால் பக்கத்தில் ஐபிவி6-க்கும் 'ஆன்' இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இவ்வளவும் செய்த பிறகு பத்திரமா? சனிவார் வாடாவுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 1773 ஆகஸ்ட் 30 அன்று பதினெட்டு வயது பேஷ்வா நாராயணராவ் அந்த மதில்களுக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் வெளியிலிருந்து ஏறிக் குதிக்கவில்லை. அரண்மனையின் கார்தி காவலர்கள்தான். சித்தப்பா ரகுநாதராவ் 'பிடி' என்று எழுதிய ஓலையில், அவர் மனைவி ஆனந்திபாய் 'த' என்ற எழுத்தை 'மா' ஆக்கி, 'தராவே' என்பது 'மாராவே' ஆயிற்று, பிடி என்றது கொல் என்று மாறிவிட்டது என்பது மகாராஷ்டிரத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை. ஒரு எழுத்து. வங்கியின் முகவரியில் ஒரு எழுத்தை மாற்றி இன்று அனுப்புகிறார்களே, அதே வித்தைதான். அந்த மாதிரிப் போலி முகவரியை நீங்களே அழுத்தித் திறந்தால் ஃபயர்வால் தடுக்காது. அதன் நோட்டில் 'இவர் கேட்டது' என்றுதான் எழுதியிருக்கும்.

இதைவிட மோசமானது போனில் வருவது. "பேங்கிலிருந்து பேசுகிறேன், உங்கள் கேஒய்சி முடியப்போகிறது, இந்த ஆப்பைப் போடுங்கள், நானே சரிசெய்து தருகிறேன்." எனிடெஸ்க் மாதிரியான ஆப்களில் தவறு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் மகன் புனேயில் இருக்கும் அப்பாவின் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய அதைத்தான் உபயோகிக்கிறான். ஆனால் அது வேலை செய்யும் விதம் கவனிக்கத்தக்கது. வெளியாள் உங்கள் கதவைத் தட்டுவதில்லை. உங்கள் கம்ப்யூட்டர் வெளியே போய் நடுவில் இருக்கும் ஒரு இடத்தில் அவரைச் சந்தித்து, கையைப் பிடித்து அழைத்து வருகிறது. குடியிருப்பவரே அழைத்து வரும் விருந்தாளியைக் காவலாளி எப்படித் தடுப்பான்? 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இந்த வழியில் நடக்கும் மோசடி பற்றி வங்கிகளை எச்சரித்தது. நீங்களாகக் கூப்பிடாத யாரும் சொல்லி இப்படிப்பட்ட ஆப்பைப் போடக் கூடாது. அந்த ஒன்பது இலக்கத்தையோ பத்து இலக்கத்தையோ போனில் படிக்கவும் கூடாது. ஃபயர்வால் செட்டிங் எதுவும் இதற்கு மருந்து அல்ல.

பெரிய இடங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. 1906-ல் தொடங்கிய புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் 2018 ஆகஸ்ட் 11 அன்று, அதுவும் ஒரு சனிவார், சுமார் ஏழு மணி நேரத்தில் 28 நாடுகளின் ஏடிஎம்களிலிருந்து போலிக் கார்டுகள் மூலம் 78 கோடி ரூபாயும் இந்தியாவுக்குள் இரண்டரைக் கோடியும் போயின. இரண்டு நாள் கழித்து ஹாங்காங் வங்கிக் கணக்கு ஒன்றுக்கு 13.92 கோடி அனுப்பப்பட்டது. மொத்தம் 94.42 கோடி. ஏடிஎம் "கொடுக்கலாமா?" என்று வங்கியைக் கேட்கும் வழியில் திருடர்கள் ஒரு போலி இடைத்தரகனை உட்கார வைத்துவிட்டார்கள். கேள்வி வங்கியின் கணக்குப் புத்தகத்துக்குப் போகவே இல்லை. இடைத்தரகனே "கொடு, கொடு" என்றான். வாடிக்கையாளர் கணக்குகளில் பணம் குறையவில்லை என்று வங்கி அறிவித்தது. உண்மைதான், நஷ்டம் வங்கியுடையது. வட கொரியாவின் கை இதில் இருந்ததாக ஐ.நா. நிபுணர் குழுவின் 2019 அறிக்கை சொன்னது. இந்தியாவில் பணம் எடுத்த சில்லறை ஆட்கள் பிடிபட்டார்கள். 2023 ஏப்ரலில் புனே நீதிமன்றம் 11 பேரைக் குற்றவாளிகள் என்றது. சம்பவம் நடந்த இரண்டு மாதத்தில் ரிசர்வ் வங்கி நகர்ப்புறக் கூட்டுறவு வங்கிகளுக்கு அடிப்படைப் பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டரில் உங்கள் ஃபயர்வால் எத்தனை விழிப்பாக இருந்தாலும் இந்தத் திருட்டு நடந்திருக்கும். கூட்டுறவு வங்கியில் ஓய்வூதியத்தைப் போட்டு வைத்திருப்பவர்கள் வங்கியின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றி ஆண்டுக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்கலாம். உறுப்பினர் என்ற முறையில் அந்த உரிமை இருக்கிறது. வட்டி விகிதத்தைப் பற்றி மட்டும்தான் இதுவரை கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக, சுவரில் விழும் ஓட்டைகள். 2017 மே 12 அன்று கிளம்பிய 'வான்னாக்ரை' 445-ஆம் எண் கதவு வழியாகத்தான் கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் தாவி, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ம் தேதியே கொடுத்துவிட்டது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். அப்டேட் வரும்போது 'பிறகு' என்று தள்ளுகிறவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றுவிட்டன. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக்காரர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை. புத்வார் பேட்டையின் தப்கீர் கல்லி மாதிரியான இடங்களில் பழைய கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள், ஹார்ட் டிஸ்க் எத்தனை ஜிபி என்று கேட்பதோடு, இது விண்டோஸ் 11 ஏற்குமா என்றும் கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதலில் இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள், அடுத்து 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள், பிறகு வங்கிக்கு. ரிப்பேர்காரரைக் கூப்பிடுவது அதற்கு அப்புறம்.